எழுபத்திரண்டாவது இதயம்

பிறிஜெற்றுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கொட்டாஞ்சேனையில் அண்ணன் செபஸ்தியனின் வீட்டில் இருந்தாள். காலையில் மருதானைக்கு நடந்து போவாள், பின்னேரம் நடந்து திரும்புவாள். அவளுக்கு என்ன வேலை என்று தெருவில் யாராவது கேட்டால், "டொக்டர்ட கந்தோரில எழுதுற வேலை" என்று அண்ணி சொல்லிச் சமாளிப்பாள். உண்மையைச் சொன்னால் கேட்டவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விலகிப் போவார்கள். பிறிஜெற் செத்தவர்களின் இதயங்களை அளந்தாள்.

டொக்டர் முத்துலிங்கம் லண்டனில் படித்தவர். இதயத் தசையைப் பற்றி அங்கே எழுதிய ஆய்வுக்குத் தங்கப்பதக்கம் வாங்கிக்கொண்டு கப்பலேறியவர். ஊருக்கு வந்தபின் ஒரு கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் வருஷக்கணக்காக மூட்டை சுமக்கிறவனின் இதயமும், கந்தோரில் கதிரையில் இருந்து எழுதுகிறவனின் இதயமும் ஒரே மாதிரித்தான் இருக்குமா? சுமக்கச் சுமக்கத் தோள் தடிக்கிறது. இதயமும் தசைதானே, அதுவும் தடிக்குமா? இதைக் கண்டுபிடிக்கவென்று மருதானையில் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கத்தில், நன்கொடைப் பணத்தில், ஒரு சிறிய ஆய்வுகூடத்தை நடத்திவந்தார். அங்கே அவரைத் தவிர இரண்டே பேர். ஒருவர் மீரா சாஹிப், மற்றது பிறிஜெற்.

இறந்தவரின் வீட்டார் சம்மதித்தால் இதயத்தின் இடது அறைச் சுவரிலிருந்து ஒரு துண்டு போத்தலில் வந்து சேரும். மீரா சாஹிப் அதை மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார். தகட்டின் ஓரத்தில் இதயத்தின் இலக்கத்தை எழுதி ஒரு சிறு தாள் ஒட்டுவார். மூட்டை சுமந்தவர் என்றால் சிவப்புத் தாள். கந்தோரில் இருந்தவர் என்றால் நீலத் தாள். பிறகு அது பிறிஜெற்றின் மேசைக்கு வரும். அவள் நுணுக்குக்காட்டிக்குள் குனிந்து, கண்ணாடிக்குள் கீறியிருக்கும் நுண்ணிய அளவுகோலைத் தசைநார்களின் மேல் பிடித்து, ஐம்பது நார்களின் அகலத்தை எடுத்துச் சராசரியை எழுதுவாள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்கிரோன். அந்தக் கணக்கில், இரண்டு வருஷமாக எண்பது இதயங்களை அளந்தாயிற்று. கந்தோர்க்காரருக்குச் சராசரி பதின்மூன்று மைக்கிரோன். மூட்டைக்காரருக்குப் பதினேழு.

"நாலு மைக்கிரோன்!" என்று டொக்டர் அந்தப் பட்டியலை முதன்முதலாகப் பார்த்த நாளில் எழுந்து நின்றுவிட்டார். "பிள்ளை, இது மலையளவு வித்தியாசம், தெரியுமே?"

அந்த வருஷம், 1938இல், துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒரு கோரிக்கை வைத்திருந்தது. ஓர் ஆளின் முதுகில் இவ்வளவு பாரத்துக்கு மேல் ஏற்றக்கூடாதென்று சட்டம் வேண்டும். அரசாங்கம் ஒரு விசாரணைக்குழுவை வைத்தது. பாரம் இதயத்தைத் தடிக்கவைத்துக் கெடுக்கிறது என்று அதன் முன்னால் அடுத்த செவ்வாய்க்கிழமை டொக்டர் முத்துலிங்கம் சாட்சி சொல்ல இருந்தார். செபஸ்தியன் பதினாலு வருஷமாக அதே துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கிறவர். ஒரு மூட்டை ஒன்றரை அந்தர், அதாவது நூற்றறுபத்தெட்டு றாத்தல். தங்கச்சியின் வேலையைப் பற்றி அதுவரை வெளியில் வாய் திறக்காதவர், இப்போது தேத்தண்ணிக் கடையில் இருந்து சத்தமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"எங்கட நெஞ்சு எப்பிடித் தேயுது எண்டு எங்கட பிறிஜெற் அளந்து வச்சிருக்கிறாள். வெள்ளைக்காரன் கேட்டுத்தான் ஆகோணும்."

பிறிஜெற்றுக்கும் பெருமைதான். அதை அவள் மறைக்கவில்லை.

அந்த எண்பது பேரில் ஒருவரை அவளுக்கு நேரில் தெரியும். அழகுமுத்து, செபஸ்தியனோடு ஒரே கூட்டத்தில் வேலை செய்தவர். சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் போட்ட பலகையில், முதுகில் மூட்டையோடு முழங்கால் மடிந்து விழுந்தவர் எழும்பவில்லை. இதயத்தை எடுக்க அவருடைய மனைவி சீனியம்மா முதலில் சம்மதிக்கவில்லை. செபஸ்தியன்தான் முகத்துவாரத்தில் இருந்த அவள் வீட்டுக்கு நடையாய் நடந்து, "நாளைக்கு மற்ற ஆக்களுக்கு உதவும் அக்கா" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார். அது எழுபத்திரண்டாவது இதயம். அன்றைக்குப் பிறிஜெற் மூன்று மணித்தியாலம் எடுத்து, கண் நோக நோகப் பார்த்து அளந்தாள். பதினேழரை மைக்கிரோன் வந்தது. அந்த எண்ணை எழுதும்போது, அழகுமுத்துவுக்குத் தன்னால் முடிந்த ஏதோவொரு நியாயத்தைச் செய்ததுபோல இருந்தது.

செவ்வாய்க்கு முந்திய வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மீரா சாஹிப் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் இரண்டு மெழுகுக் கட்டிகள். எப்போதும் ஏதாவது பகிடி சொல்லிக்கொண்டு வருகிற மனிதர் அன்றைக்கு அந்தக் கட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன நானா?" என்றாள். அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"தங்கச்சி, ஒரு பிழ நடந்து போச்சி. டொக்டருக்குச் செல்ல முந்தி ஒங்களுக்குச் செல்றன்."

"சொல்லுங்கோ."

"போன மாசம் இருபத்தேழாம் நம்பர் தகடு கிழிஞ்சி ஈக்குது எண்டு திருப்பிச் சீவச் சென்னீங்களே, ஞாபகம் ஈக்கா? நான் இருபத்தேழ எடுக்கப் போய் எழுபத்திரெண்ட எடுத்துச் சீவிட்டன். இண்டைக்குப் பெட்டிய அடுக்கக்குள்ளதான் கண்டன். இருபத்தேழுல கத்தியே படல்ல. எழுபத்திரெண்டுல ரெண்டு தரம் பட்டீக்கிது."

பிறிஜெற் சிரித்துவிட்டாள். "இதுக்கே இப்பிடி முகத்தை வச்சிருக்கிறீங்கள்? இருபத்தேழை இப்ப சீவித் தாங்கோ. நான் திருப்பி அளந்து போடுறன்."

மீரா சாஹிப்பின் முகம் தெளிந்தது. அவர் கட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிழையான எண்ணை வெட்டிவிடுவதற்காகப் பிறிஜெற் பதிவேட்டைத் திறந்தாள்.

இருபத்தேழு, நீலத் தாள். பதின்மூன்று மைக்கிரோன்.

பேனையை வைத்து வெட்டப்போனவள் அப்படியே நின்றாள். பக்கங்களைப் புரட்டினாள். எழுபத்திரண்டு, சிவப்புத் தாள். பதினேழரை மைக்கிரோன்.

ஆனால் இரண்டும் ஒரே இதயம். ஒரே கட்டியில் அடுத்தடுத்துச் சீவிய சீவல்கள். இரண்டுமே அழகுமுத்து.

முதலில் அவளுக்கு நுணுக்குக்காட்டியில்தான் சந்தேகம் வந்தது. வில்லை கழன்றிருக்கும், யாரோ தட்டியிருப்பார்கள். அளவு சரிபார்க்கவென்று இங்கிலாந்திலிருந்து வந்த கோடு கீறிய கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. இரண்டு தகடுகளையும் மாறி மாறி வைத்தாள். சாயத்தில் வித்தியாசமில்லை, சீவலின் மென்மையில் வித்தியாசமில்லை. சிவப்புத் தாள் தகட்டில் பத்து நார்களை அளந்தாள். பதினேழுக்குக் கிட்ட வந்தது. நீலத் தாள் தகட்டில் பத்து. பதின்மூன்றரை.

இரண்டும் ஒன்றென்று தெரிந்துகொண்டுதான் அளந்தாள். தெரிந்தும் அப்படித்தான் வந்தது.

கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் மீண்டும் இருந்தாள். பிறகு, ஏன் என்று தெரியாமல், கண்ணை மூடித் திறந்து ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பலாமரத்தைப் பார்த்தாள். இலை இலையாகத் தெரிந்தது. கண்ணில் ஒரு குறையுமில்லை.

மீண்டும் குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை அளக்கவில்லை. தன் கண் என்ன செய்கிறதென்று மட்டும் கவனித்தாள். கண்ணாடிக்குள் ஆயிரக்கணக்கான நார்கள். நேர் குறுக்கே வெட்டுப்பட்டவை வட்டமாக, சாய்ந்து வெட்டுப்பட்டவை நீண்டு அகலமாக, நுனிப்பக்கம் வெட்டுப்பட்டவை மெலிந்து. அவற்றில் ஐம்பதை அவள்தான் தெரிவுசெய்கிறாள். சிவப்புத் தாள் தகட்டில் ஒரு மெல்லிய நாருக்கு வந்ததும், "இது நுனி, சரிவராது" என்று கண் தாண்டிப்போயிற்று. நீலத் தாள் தகட்டில் ஒரு தடித்த நாருக்கு வந்ததும், "இது சாய்ந்து வெட்டுப்பட்டது, சரிவராது" என்று தாண்டிப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் நல்ல காரணம் இருந்தது. இரண்டு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் கூட்டி எழுதியதில்லை, குறைத்து எழுதியதில்லை. எழுதிய நாலாயிரம் எண்களும் உண்மையான நார்களின் உண்மையான அகலம். அப்படியிருந்தும் எல்லாம் பொய்.

பின்னேரம் மீரா சாஹிப் புதிய இருபத்தேழைக் கொண்டுவந்தபோது, அவள் அதை வாங்கவில்லை.

"நானா, எனக்கொரு உதவி செய்யோணும். சிவப்பில அஞ்சு, நீலத்தில அஞ்சு தகடு எடுங்கோ. எதை எடுத்தனீங்கள் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. தாளுக்கு மேல கடதாசி ஒட்டி மறைச்சுப்போட்டு வேற அடையாளம் எழுதித் தாங்கோ."

"ஏன் தங்கச்சி, கண்ணாடி கிண்ணாடி மாத்தணுமோ?"

"கண்ணில பிழை இல்லை நானா. அதுதான் பயமாக் கிடக்கு."

அந்தப் பத்துத் தகடுகளை அளக்க வெள்ளிக்கிழமை முழுவதும் எடுத்தது. ஒவ்வொன்றையும் வைக்கும்போதும் இது யாருடையதென்று மனம் ஊகிக்கப் பார்த்தது. ஊகிக்க முடியாமல் தவித்தது. கந்தோர் மூடும் நேரத்தில் மீரா சாஹிப் கடதாசிகளை ஒவ்வொன்றாக உரித்தார். சிவப்பு ஐந்துக்கும் சராசரி பதினாலரை. நீலம் ஐந்துக்கும் பதினாலுக்குச் சற்று மேலே.

நாலு மைக்கிரோன் மலை அரை மைக்கிரோனுக்கும் குறைந்துபோயிருந்தது.

"யா அல்லாஹ்," என்றார் மீரா சாஹிப். "அப்ப செவ்வாக்கிழம?"

மறுநாள் சனிக்கிழமை பின்னேரம் பிறிஜெற் மருதானையில் ரயிலேறி வெள்ளவத்தைக்குப் போனாள். மடியில் ஒரு தகட்டுப்பெட்டி. கடற்கரையை ஒட்டி ரயில் போனபோது மற்றவர்களெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அவள் டொக்டருக்கு எப்படிச் சொல்வதென்று வசனங்களைக் கட்டிக் கட்டிப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை.

டொக்டர் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து, செவ்வாய்க்கிழமை வாசிக்கப்போகிற அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சரோஜினிதேவி, "வாரும் பிள்ளை, இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்," என்று உபசரித்து, தேத்தண்ணி போட உள்ளே போனார்.

"சேர், அளவில பிழை இருக்கு," என்றாள் பிறிஜெற்.

"எந்த இதயத்தில?"

"எல்லாத்திலயும்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. பரிவாகத்தான் பார்த்தார். "நீர் களைச்சுப் போனீர். ரெண்டு வருஷமாக் குனிஞ்சபடி இருந்தால் ஆருக்கும் இப்பிடித் தோணும். செவ்வாய் முடியட்டும், ஒரு கிழமை லீவு எடும்."

மீரா சாஹிப்பின் தவறையும் கடதாசி ஒட்டி அளந்ததையும் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பரிவைப் பார்த்ததும், சொன்னால் நம்பமாட்டார் என்று தெரிந்தது. ரயிலில் கட்டிய வசனம் எதிலும் இல்லாத ஒன்று அவள் வாயில் வந்தது.

"சேர், நீங்களே ஒருக்கால் அளந்து பாருங்கோ. ரெண்டே தகடு. பத்துப் பத்து நார் காணும்."

வீட்டிலும் அவரிடம் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. அவளுடைய மனம் ஆறட்டும் என்றுதான் எழுந்து உள்ளே போனார். பிறிஜெற் முதலில் சிவப்புத் தாள் தகட்டைக் கொடுத்தாள். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பிறகு நீலத் தாள் தகடு. வெளியே ஐஸ்பழக்காரனின் மணி கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. லண்டனில் பழகிய கண், ஒவ்வொரு நாராகத் தேடித் தேடி எடுத்தது.

கூட்டிப் பார்த்தாள். சிவப்பு பதினேழு. நீலம் பதின்மூன்றரை.

"பாத்தீரா?" என்றார் டொக்டர். அவர் குரலில் ஆறுதல் இருந்தது. "அப்பிடியே நிக்குது."

"சேர், ரெண்டும் ஒரே இதயம்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் மீண்டும் சொன்னாள். இருபத்தேழுக்குப் பதிலாக எழுபத்திரண்டைச் சீவியது, தாள் மாறியது, மறைத்து அளந்தது, அரை மைக்கிரோன், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"என்னைச் சோதிச்சனீரா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். அதுவே அடி விழுந்ததுபோல இருந்தது.

"ஓம் சேர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் மீண்டும் குனிந்து பார்த்தார். நீலத் தாளை எடுத்துவிட்டுச் சிவப்புத் தாளை வைத்தார். சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தை வைத்தார். சரோஜினிதேவி தேத்தண்ணியோடு வந்து, கணவரின் முதுகைப் பார்த்து, தட்டத்தை வைத்துவிட்டுப் போனார். கடைசியில் நிமிர்ந்தபோது அவர் பிறிஜெற்றைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த, கறுப்புச் சட்டமிட்ட லண்டன் பட்டத்தைப் பார்த்தார்.

"அங்கயும் நான் இப்பிடித்தான் அளந்தனான்," என்றார். "நோயாளியின்ர இதயம் எது, சுகமான ஆளின்ர இதயம் எது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் அளந்தனான்."

பிறிஜெற்றுக்கு அதுவரை அந்த நினைப்பு வந்திருக்கவில்லை. தன்னுடைய இரண்டு வருஷம் போயிற்று என்றுதான் வந்தாள். இந்த மனிதரின் பெயர், பதக்கம், அதைப் பார்த்து வேறு நாடுகளில் வேறு டொக்டர்மார் எழுதியது எல்லாவற்றுக்கும் அடியிலும் இதேதான் கிடக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை என்ன செய்யப்போறீங்கள் சேர்?"

"தெரியாது பிள்ளை. நீர் இருட்ட முந்திப் போம்."

செவ்வாய்க்கிழமை விசாரணை கோட்டையில் ஓர் அரசாங்கக் கட்டிடத்தின் மேல்மாடியில் நடந்தது. பிறிஜெற் டொக்டரின் கடதாசிக் கட்டோடு பின்வரிசையில் இருந்தாள். சுவரோரத்தில் தொழிலாளர் இருபது பேர் நின்றார்கள். செபஸ்தியன் கல்யாணத்துக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வியாழக்கிழமை தொடக்கம் ஐந்து நாளாக ஒரே வீட்டில் இருந்தும் அவரிடம் அவள் சொல்லவில்லை. சொல்லத் துணியவில்லை என்பதுதான் சரி.

டொக்டர் எழுந்து, கொண்டுவந்த அறிக்கையை வாசிக்காமல் மடித்து மேசையில் வைத்தார். தன்னுடைய அளவுகளில் தவறு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்றும், அவற்றை வாபஸ் பெறுவதாகவும் சொன்னார். அதற்குப் பொறுப்பு தான் மட்டுமே என்றார். வேறு யாருடைய பெயரையும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது சுவரோரத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

கப்பல் கம்பெனியின் வக்கீல் ஒஸ்வால்ட் எழுந்தார். "அப்படியானால், மூட்டை சுமப்பதால் இதயத்துக்குத் தீங்கு இல்லையென்று டொக்டர் ஒப்புக்கொள்கிறார்?"

"இல்லை. தெரியாது என்று சொல்லுகிறேன்."

"தெரியாது," என்று வக்கீல் குழுவின் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் செபஸ்தியன் அவளுக்காகக் காத்துநின்றார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை, அண்ணா."

"வியாழக்கிழமை!" அவர் முகத்திலிருந்த அதிர்ச்சியை அவள் முன்பு ஒருநாளும் பார்த்ததில்லை. "அஞ்சு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து, இவ்வளவு பேருக்கு முன்னால என்னை வெள்ளைச் சட்டையோட நிக்க வச்சாய்."

"பிழையான கணக்கு அண்ணா. அதைக் குடுத்திருந்தால்..."

"கணக்கு! மூட்டை பாரம் எண்டு காட்ட எங்கட நெஞ்சைக் கிழிச்சுப் பாக்கோணும் எண்டு ஆர் சொன்னது? தூக்கிப் பாத்தால் தெரியாதா அவனுகளுக்கு?" அவர் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "சீனியம்மாவுக்கு நீயே போய்ச் சொல்லு. நான் போகமாட்டன்."

அவள் கடதாசிக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிறிஜெற் முகத்துவாரத்துக்குப் போனாள். சீனியம்மா மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். பிறிஜெற் நின்றபடியே முழுவதையும் சொன்னாள். தாள் மாறியதையும், நீலத் தாளில் அழகுமுத்துவைக் கந்தோர்க்காரர் என்று நினைத்து அளந்ததையும்கூட மறைக்கவில்லை.

சீனியம்மா கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "அப்ப அவரு எதனாலதான் செத்தாரு?" என்று கேட்டாள்.

"தெரியாது அக்கா."

"கம்பெனிக்காரன் வந்து குடிச்சுச் செத்தான்னான். சங்கத்துக்காரங்க பாரத்தால செத்தான்னாங்க. எல்லாரும் தெரிஞ்ச மாதிரித்தான் பேசுனாங்க." அவள் ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். "நீதாம்மா தெரியாதுன்னு வந்து சொல்ற. உக்காரு."

பிறிஜெற் உட்கார்ந்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

டொக்டர் ஒரு கிழமை ஆய்வுகூடத்துக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. லண்டனில் தன்னுடைய பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கடிதம் போட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு எண்பது கட்டிகளையும் மேசையில் அடுக்கச் சொன்னார்.

"திருப்பி அளப்பம். எப்பிடி அளக்கோணும் எண்டு முதலில யோசிப்பம்."

மூன்று பேரும் சேர்ந்துதான் யோசித்தார்கள். சாய்ந்து வெட்டுப்பட்ட நார் அகலமாகத் தோன்றுவதால், நேர் குறுக்கே வெட்டுப்பட்டதையே எடுப்பது. அதிலும் நடுவில் கலத்தின் கரு புள்ளியாகத் தெரிகிற நாரை மட்டும் எடுப்பது, நுனிகள் அதில் தாமாகவே கழிந்துபோகும். அந்த இரண்டு விதிக்கும் பொருந்தினால், அளவுகோலின் கோட்டின்கீழ் வருகிற ஒரு நாரையும் தாண்டக்கூடாது. போத்தலில் அதிக நாள் கிடந்த துண்டு கூடுதலாகச் சுருங்கும் என்று மீரா சாஹிப் நினைவுபடுத்தினார். ஆகவே எத்தனை நாள் கிடந்தது என்பதையும் குறிப்பது. தாள் எல்லாவற்றையும் மறைத்து, எது எவருடையதென்ற பட்டியலை மீரா சாஹிப் மட்டும் பூட்டிவைப்பது. டொக்டரும் பிறிஜெற்றும் ஒருவர் எண்ணை மற்றவர் பாராமல் தனித்தனியே அளப்பது.

ஏழு மாதம் எடுத்தது. இதற்கிடையில் பேராசிரியரின் பதில் வந்தது. உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளும்படியும், பழையதைக் கிளறவேண்டாமென்றும் இரண்டே வரி. டொக்டர் அதை வாசித்துவிட்டு மேசை லாச்சியில் போட்டார். தன் பழைய ஆய்வும் இப்படி அளந்ததுதான் என்று எழுதி, மருத்துவச் சஞ்சிகைக்கு அனுப்பினார். விசாரணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. சுமையைப் பற்றி மேலும் ஆராயவேண்டும் என்று ஒரு பந்தி இருந்தது. ஆராய ஒருவரும் வரவில்லை. மூட்டை ஒன்றரை அந்தராகவே இருந்தது.

செபஸ்தியன் நாலு மாதம் தங்கச்சியோடு கதைக்கவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "சீனியம்மா உன்னைக் கேட்டவ," என்றார். பிறிஜெற் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவும் அளக்கிறியா?"

"ஓம்."

"அழகுமுத்துட எவ்வளவு வருது?"

"எது அவருடையது எண்டு எனக்குத் தெரியாது அண்ணா. தெரியாமத்தான் அளக்கோணும்."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவன் இதைக் கேட்டால் சிரிப்பான்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அன்றுமுதல் பழையபடி கதைத்தார். பழையபடி பெருமை மட்டும் பேசவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, மீரா சாஹிப் பூட்டியிருந்த பட்டியலை எடுத்துவந்து வாசித்தார். டொக்டர் சிவப்பையும் பிறிஜெற் நீலத்தையும் கூட்டினார்கள். இருவர் அளவுகளும் ஒன்றுக்கொன்று மிகக் கிட்ட இருந்தன. மூட்டைக்காரருக்குப் பதினாலு தசம் ஏழு. கந்தோர்க்காரருக்குப் பதினாலு தசம் ஒன்று.

டொக்டர் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். மாறவில்லை.

"இதை வச்சு வித்தியாசம் இருக்கு எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது," என்றார். "இன்னும் இருநூறு இதயமாவது வேணும்." பிறகு, "உண்மையைச் சொல்லும் பிள்ளை. வித்தியாசம் எவ்வளவு வருமெண்டு நினைச்சனீர்?" என்று கேட்டார்.

பிறிஜெற் பேனையைக் கீழே வைத்தாள். இவ்வளவும் நடந்தபின், இத்தனை கடதாசிகளை ஒட்டி உரித்தபின், இன்று காலை மருதானைக்கு நடந்து வரும்போதுகூட மனம் ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"நாலு, சேர்."

"நானும் நாலுதான் நினைச்சனான்," என்றார் டொக்டர் முத்துலிங்கம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பூச்சியம் தசம் ஆறு என்று பதிவேட்டில் எழுதினார்.